தெரேஸின் இரண்டாம் சரணம்

சென்ற மாதம் இங்கே மொன்றியலில் தமிழ் வானொலிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். பாட்டெழுதிய பெண்களைப் பற்றி நிகழ்ச்சியாம். நான் ஒரு வரி பாட்டுக்கூட எழுதியவள் இல்லை, அவர்கள் பாட்டைப் பதிவு செய்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள் என்று சொன்னேன். அது போதும் என்றார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். ஒலிபரப்பில் வந்தது ஒரு நிமிஷம் இருந்தால் அதிகம். அந்த ஒரு நிமிஷத்திலும், நான் மூச்சை இழுத்த இடத்தில் வெட்டாமல், மூச்சை விட்ட இடத்தில் வெட்டியிருந்தார்கள். யாரோ என் வாயைப் பொத்திய மாதிரி இருந்தது.

நிகழ்ச்சி நடத்திய பெண்ணுக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், கெட்டிக்காரி.

"குறை நினையாதேங்கோ அன்ரி. நேரம் காணேல்லை. பேந்து ஒரு நாள் முழுசாப் போடுறம்" என்றாள்.

"வெட்டினது தப்பில்லைம்மா. வெட்டத் தெரியாம வெட்டினதுதான் தப்பு" என்றேன்.

"ஓம் அன்ரி, அது கொம்பியூட்டர் தானா வெட்டினது."

கம்ப்யூட்டர் தலையில் பழியைப் போட்டதும் எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெட்டுவது என் தொழில். இந்த ஊரில் என்னைவிட நன்றாக டேப் வெட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மேலதிகாரி முசியே கஸ்தோன்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவரும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே இப்போதைக்கு நான்தான் முதல் இடம், சண்டைக்கு வர ஆளில்லை.

படித்தது சென்னையில், மின்னணுப் பொறியியல். வகுப்பில் என்னையும் சேர்த்துப் பெண்கள் இரண்டே பேர். வானொலி நிலையத்தில் கொஞ்ச நாள் வேலை, அப்புறம் கல்யாணம். அவர் வேதியியல் ஆராய்ச்சிக்கு இங்கே வந்தார், பின்னாலேயே நானும் வந்தேன். அறுபதுகளின் கடைசி. லாசாலில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அன்றைக்கு இங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்கள் எல்லாம் பேராசிரியர், டாக்டர், இன்ஜினியர். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்து, "ஏன் ராஜி, உனக்கென்ன தலையெழுத்தா, பாட்டுக் கொட்டகையில போய் வேலை செய்யணும்னு?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்கள். ஆமாம் தலையெழுத்துதான், நல்ல தலையெழுத்து என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டுடியோ கிழக்கே, துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. பழைய மாவுக் கிடங்கு. சுவரில் எத்தனை தடவை பஞ்சு அடைத்தாலும் லாரி போனால் தரை அதிரும். லாரி வந்தால் பாட்டு நிற்க வேண்டும், போனபின் பாட வேண்டும். ரிப்பேர் வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க அவர்களால் முடியவில்லை. புடவையும் பனிக்காலணியுமாக நான் போய் நின்றதும் கஸ்தோன் திருப்புளியை என் கையில் கொடுத்தார். ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அவர்கள் வாரக்கணக்கில் தேடியும் கிடைக்காத இரைச்சல். எர்த் கம்பியை இரண்டு இடத்தில் இணைத்திருந்தார்கள், ஒன்றைக் கழற்றினேன். நின்றுவிட்டது.

"திங்கள்கிழமை வாங்க மேடம்" என்றார். அவர் பேசியது பிரெஞ்சு. இந்தக் கட்டுரையில் இனி வருகிறவர்கள் எல்லோருமே பேசியது பிரெஞ்சுதான், என் வீட்டுக்காரரைத் தவிர. என் மனசில் விழுந்தபடி நம் பேச்சில் எழுதுகிறேன்.

கஸ்தோனைப் பற்றிச் சொல்லாமல் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மருந்துக்கடைக்காரர் மாதிரி வெள்ளைக் கோட்டு. காதில் ஒரு வெள்ளைப் பென்சில். பாடகர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடும்போது இவர் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். "பாடறவங்களைப் பார்த்தா காது ஏமாந்துடும்" என்பார். சத்தம் போட்டுத் திட்டவே மாட்டார். கோபம் வந்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் 'மேடம்' கூடும். ஒரே பேச்சில் மூன்று மேடம் வந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

வெட்டக் கற்றுக்கொடுத்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. ஒருவர் வானிலைச் செய்தி வாசிக்கிற டேப். நடுவில் இருமுகிறார். அந்த இருமலை எடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். கேட்டார்.

"இருமல் போச்சு மேடம். மூச்சும் போச்சு மேடம். இவர் செத்துட்டாரா மேடம்?"

அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அப்புறம் படிந்துவிட்டது. டேப் சுருளை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல உருட்ட வேண்டும். பாட்டு, ஏதோ மாடு கத்துகிற மாதிரி கேட்கும். அந்தக் கத்தலில் ஒரு எழுத்து எங்கே தொடங்குகிறது என்று காது பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு. அலுமினியக் கட்டையில் சாய்வாக ஒரு பள்ளம் இருக்கும், அதில் டேப்பைப் படுக்க வைத்து சவர பிளேடால் ஒரே இழுப்பு. பிளேடில் காந்தம் ஏறியிருக்கக் கூடாது, ஏறியிருந்தால் ஒட்டிய இடத்தில் 'டப்' என்று கேட்கும். ஒட்டு நாடாவைப் போட்டு நகத்தால் தேய்த்தால் முடிந்தது. தாளம் விழுகிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்ட வேண்டும், பின்னால் இல்லை. கேட்பவர் அடுத்த அடியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்டு இருந்த இடமே தெரியாது.

வெட்டிய துண்டை எறியக் கூடாது, இது கஸ்தோனின் சட்டம். இசைத்தட்டு அச்சாகி வரும்வரை அது பத்திரமாக இருக்க வேண்டும். மேஜையில் வைத்தால் கலந்துவிடும். ஆகவே கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வோம். நீளமான துண்டு என்றால் பல சுற்று. ஒரு நாள் அப்படியே மேல்கோட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோ ஏறி, பஸ் மாறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"கழுத்துல என்ன ராஜி அது, பழுப்பா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பார்த்தால், நாளைக்கு ஒட்ட வேண்டிய பல்லவி! பாதி ஊரைத் தாண்டி வந்திருக்கிறது. இந்தத் தப்பு எங்கள் தொழிலில்தான் நடக்கும். மறுநாள் காலை அதே பல்லவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன், வேறு என்ன செய்ய?

அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேடையில் கிதாரோடு குதித்தவர்கள் பையன்கள். பாட்டு யாருடையது என்று பார்த்தால், பாதிக்குப் பாதி எங்கேயோ ஒரு சின்ன அறையில் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுடையது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதத்தில் எழுதியவரின் குடும்பப் பெயரை மட்டும் பொடி எழுத்தில் போடுவார்கள். படிப்பவர் யாரோ ஆம்பளை என்று நினைத்துக்கொள்வார். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு எரியும். எரிந்து என்ன, அந்தப் பெயரை அச்சடிப்பது என் கையில் இல்லை.

அப்படி எழுதியவள்தான் தெரேஸ். துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, பியானோவில் உட்கார்ந்து, புதுப் பாட்டை மாதிரிக்குப் பாடிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஓடுவாள். நட்சத்திரப் பாடகன் பதிவுக்கு வரும்போது அவள் பாடிய டேப்பை அவன் காதில் மாட்டிவிடுவேன். அவள் இழுத்த இடத்தில் அவன் இழுப்பான், அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அவன் வாங்குவான். வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் பெண்கள் எல்லாம் அவன் குரலுக்கு உருகுவார்கள். உருகியது தெரேஸின் மூச்சுக்கு என்று எனக்கும் கஸ்தோனுக்கும்தான் தெரியும். ஒரு தடவை டிரம் சத்தம் சப்பென்று இருக்கிறது என்று, ஒரு மரப்பலகையைத் தரையில் போட்டு, வாத்தியக்காரர்கள் எல்லோரையும் அதன்மேல் நிறுத்திக் குதிகாலால் மிதிக்க வைத்தாள். பிறகு ஊரில் இருந்த எல்லா ஸ்டுடியோவிலும் பலகை வாங்கினார்கள். பலகைக்கு யார் பெயரையும் போடவில்லை.

எங்களுக்கு வேலை கொடுக்கிற இசைத்தட்டுக் கம்பெனியின் முதலாளி நோர்மான். நல்லவர், கெட்டவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வானொலியில் போடும் நீளத்துக்குள் பாட்டு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சங்கீத சாஸ்திரம். ஒரு நாள் தெரேஸின் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, "கடைசிச் சரணத்தைத் தூக்கிடுங்க. குழந்தை பேரைச் சொல்லிப் பாடினா எவன் டான்ஸ் ஆடுவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெட்டினேன். சுத்தமான வெட்டு. துண்டை நாலைந்து சுற்றாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு மீதியை ஒட்டிக்கொண்டிருந்தபோது தெரேஸ் உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள்.

"அது என் பொண்ணு" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். கல்யாணம் ஆகாமல் பிள்ளை உண்டான பெண்களை அந்தக் காலத்தில் இங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் கொண்டு விடுவார்கள். அங்கே ஒருத்தி பெயரை இன்னொருத்தி கேட்கக் கூடாது. பிள்ளை பிறந்தால் சில நாள் பால் கொடுக்கலாம், பிறகு யாரோ வந்து வாங்கிப் போய்விடுவார்கள். தெரேஸ் அந்தச் சில நாளில் தன் பிள்ளையை நோயெலா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"வாங்கினவங்க வேற பேர் வெச்சிருப்பாங்களே" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"வெச்சிருப்பாங்க. நான் பாடி அவ வரமாட்டா, அது எனக்குத் தெரியும். அவளை நோயெலான்னு கூப்பிட்டது இந்த உலகத்துல நான் ஒருத்திதான். நானும் வாயை மூடிட்டா, அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லைன்னு ஆயிடும்."

அந்தப் பாட்டு கடைசிச் சரணம் இல்லாமல் வெளியே வந்து சக்கைப்போடு போட்டது. லாசாலில் எங்கள் மூலைக்கடையில், இங்கே தெப்பனர் என்போம், பால் வாங்கப் போனால்கூட அதுதான் பாடும். நான் பாலை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு பெட்டி செய்தேன். டேப் ஓடும் மோட்டாரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டவும் குறைக்கவும் ஒரு பெட்டி. வயதான பாடகனைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் குரல் இளசாகிவிடும், சுருதியும் ஏறும், தாளமும் விரையும். நோர்மானுக்கு அதில் ஏக சந்தோஷம். ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு இழவும் புரியாது. "அந்த மந்திரப் பெட்டி" என்பார். புரிந்தவர்கள் நானும் கஸ்தோனும். தெரேஸ் பக்கத்தில் நின்று நான் அதைத் திருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

எழுபதுகள் பிறந்ததும் காற்று கொஞ்சம் மாறியது. பெண்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே பாட ஆரம்பித்தார்கள். தெரேஸும் கேட்டாள். அவள் எழுதி நோர்மான் சம்பாதித்தது கொஞ்சமா? மறுக்க முடியாமல் ஒரு காலை நேரம் கொடுத்தார். பாட்டின் வார்த்தையை அவரிடம் காட்டவில்லை அவள். அவரும் கேட்கவில்லை. பிடிக்காததை வெட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

அன்று காலை அவள் பியானோவில், பின்னால் டிரம், கிதார், பேஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கஸ்தோன் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் டேப் மெஷின் பக்கத்தில். எந்தப் பாட்டைக் கேட்டாலும் எங்கே வெட்டலாம் என்று மனசு தானாகக் குறித்துக்கொண்டே போகும், அது என் வியாதி.

முதல் சரணம் முடிகிற இடத்தில் குறிக்கப் போனேன், அது முடியவில்லை. கடைசி வார்த்தையை இழுத்துக்கொண்டே போய் இரண்டாம் சரணத்தின் முதல் வார்த்தையில் கொண்டு சேர்த்தாள். அதற்குள் சுருதி அரைக் கட்டை ஏறிவிட்டது. நம் சங்கீதம் கேட்டு வளர்ந்தவளுக்குப் பாட்டு நடுவில் சுருதி நகர்ந்தால் உடனே தெரியும். தாளமும் ஒரு துளி முந்தியது. டிரம்காரன் அடித்த ஜால்ரா ஓயாமல் அடுத்த சரணத்துக்குள் இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டாம் சரணத்தில் வந்தது, நோயெலா. பெயரை மூன்று முறை சொன்னாள். உடனே மறுபடி இழுப்பு, மறுபடி அரைக் கட்டை, மறுபடி ஜால்ரா, மூன்றாம் சரணம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடிப் பாவி! இவள் பாட்டை என் பிளேடுக்கு எதிராகக் கட்டியிருக்கிறாள். கடைசியில் வைத்தால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய்ப் பாட்டை முடித்துவிடுவார்கள் என்று பெயரை நடுவில் வைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் வெட்ட இடமில்லாமல் அடைத்திருக்கிறாள். முதல் சரணத்தையும் மூன்றாம் சரணத்தையும் ஒட்டினால், படி ஒன்று இல்லாத மாடிப்படியில் கால் வைத்த மாதிரி இருக்கும். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த வேலை அது. கஸ்தோன் நாற்காலியைத் திருப்பிக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. நோர்மான் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"நல்லா இருக்கு. நடுச் சரணம் வேண்டாம், எடுத்துடுங்க. பாதிரியாருங்க சண்டைக்கு வருவாங்க, ரேடியோ நிலையத்துல தொடவே மாட்டாங்க."

"வெட்டறது மேடம்தான். அவங்களைக் கேளுங்க" என்றார் கஸ்தோன்.

நோர்மான் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரேஸ் பியானோ மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்காது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொண்டாள் என்றுதான் பட்டது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வெட்டலாம். என் பெட்டி இருக்கிறதே! மூன்றாம் சரணத்திலிருந்து மீதிப் பாட்டை, வேகத்தைக் குறைத்து இன்னொரு டேப்புக்கு மாற்றினால், ஏறிய சுருதி இறங்கும், முந்திய தாளமும் பின்வாங்கும், இரண்டும் ஒரே திருகலில். பியானோவில் விரல் விழுகிற இடத்தில் ஒட்டிவிட்டால் ஜால்ராச் சத்தம் மூடிக்கொள்ளும். அரை நாள் வேலை. நான் செய்தால் எந்தக் காதுக்கும் தெரியாது. அந்தச் சபலம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தெரிந்தவளுக்கு 'யாராலும் முடியாததை நான் செய்கிறேன் பார்' என்ற ஆசை எப்போதும் தொண்டைக்குழியில் நிற்கும்.

"முடியாது" என்றேன்.

"முடியாதுங்கற வார்த்தையை இந்த ஸ்டுடியோவுல நான் கேட்டதே இல்லை."

"இப்ப கேட்டீங்க இல்ல?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கஸ்தோன் பக்கம் திரும்பி, "உண்மைதானா?" என்றார்.

கஸ்தோன் டேப்பைப் பின்னால் ஓட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாட்டை முதலிலிருந்து கேட்டார். முழுதும் கேட்டார். நாங்கள் நின்றோம். முயன்று பார்க்காமல் முடியாது என்று சொன்ன உதவியாளரை வேலையை விட்டே அனுப்பியவர் அவர். என் பெட்டியின் ஒவ்வொரு கம்பியும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நோயெலா என்ற பெயரும் போகும், என் வேலையும் போகும்.

"மேடம் முடியாதுன்னா முடியாது" என்றார்.

நோர்மான் பாட்டைக் குப்பையில் போடுவேன் என்றார், வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்த கூலியை யார் கொடுப்பது என்றார், கடைசியில் "பின்பக்கத்துல போட்டுத் தொலைங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். இசைத்தட்டின் பின்பக்கத்தை அப்போது யாரும் சீந்த மாட்டார்கள். ஆனாலும் அது பக்கம்தானே.

கஸ்தோன் என் பெட்டியை மேஜையிலிருந்து தூக்கி என் கையில் கொடுத்தார்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணுங்க."

"நல்லாத்தானே இருக்கு முசியே?"

"பழுது" என்றார். மேடம் சேர்க்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த என் வீட்டுக்காரர், "முன்னெல்லாம் டேப்பைத்தான் கொண்டு வருவே, இப்ப மெஷினையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதன்மேல் பழைய கம்பளியைப் போட்டார். அந்த இசைத்தட்டு வெளியே வரும்வரை அது அங்கேயே இருந்தது.

தெரேஸை மறுவாரம் பார்த்தபோது சண்டை போட்டேன். "இப்படிச் செய்யப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? அந்தப் பெட்டி இருக்கறது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். பூட்டு போடறப்பவே சாவி உங்ககிட்ட இருக்குன்னு தெரியும்."

"அப்ப கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உங்களை மாட்டி விட்ட மாதிரி ஆயிடும். நானும் நீங்களும் பேசி வெச்சுக்கிட்டோம்னு நோர்மான் சொல்லுவார். கேட்கலைன்னா, உங்க வாயால நீங்களே சொன்னதா இருக்கும்" என்றாள். காப்பி வாங்கிக் கொடு என்றேன், வாங்கிக் கொடுத்தாள்.

இசைத்தட்டு வந்தது. முன்பக்கத்துப் பாட்டை இன்று யாருக்கும் நினைவில்லை. எந்த நிலையத்திலோ ஒரு காலை அறிவிப்பாளர் தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார். கேட்டவர்கள் போன் போட்டு மறுபடி போடச் சொல்லியிருக்கிறார்கள். சில நிலையங்கள் தொடவில்லைதான். தொட்டவர்கள் முழுதாகப் போட்டார்கள், வேறு வழியில்லை.

அடுத்த கோடையில், நகரத்தின் கிழக்கே ஒரு மாதா கோயிலின் மண்டபத்தில் தெரேஸ் கச்சேரி வைத்தாள். அதையும் பதிவு செய்யச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் சாமான்கள் வைக்கும் சின்ன அறையில் நானும் கஸ்தோனும் கருவிகளைப் போட்டுக்கொண்டோம். ஆளுக்கொரு ஹெட்போன். மேடை எங்களுக்குத் தெரியாது, ஒலி மட்டும்தான். கஸ்தோனுக்கு அது மிகவும் வசதி.

அந்தப் பாட்டு வந்தது. இரண்டாம் சரணத்தில் நோயெலா என்று முதல் தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஜினெத்" என்றது.

யாரோ தோழியைக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கூட்டத்துக்காக வைத்த மைக்கின் அளவைக் குறைக்கக் கை போனது. அதற்குள் இன்னொரு குரல், வயதான குரல், "பியேர்" என்றது. வேறு மூலையிலிருந்து "மரீ-ஆஞ்". தெரேஸ் பாடுவதை நிறுத்திவிட்டாள். பியானோ மட்டும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, அடுத்த சரணத்துக்கு ஏறவில்லை. டிரம்காரனும் புரிந்துகொண்டு மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தான். பெயர்கள் வந்தன. சில பேர் கத்தினார்கள், சில பேர் தமக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்கள். ஒருத்தி, "எனக்குப் பேர் வைக்கவே விடலை" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பியானோ மட்டும் கேட்டது. பிறகு மறுபடி பெயர்கள்.

நான் குறைக்கப் போன கையால் அளவைக் கூட்டினேன். எனக்குத் தாரைதாரையாகக் கண்ணீர். அந்தப் பெண்களை நான் தினம் பஸ்ஸில், கடையில், பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? ஒருத்தியாவது வாயைத் திறந்திருக்கிறாளா?

பக்கத்தில் கஸ்தோன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று திரும்பினேன். அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூக்" என்றார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குச் சொன்னதில்லை. இவருக்கும் ஒரு பிள்ளை எங்கேயோ வேறு பெயரில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது. ஆறுதல் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

எங்கள் மேஜையில் ஒரு குட்டி மைக் உண்டு. பதிவு தொடங்குமுன் பாட்டின் பெயரை டேப்பில் சொல்லி வைப்பதற்கு. அதை அவர் பக்கம் வளைத்து, சுவிட்சை அழுத்திப் பிடித்தேன்.

"டேப்ல விழலை முசியே. இன்னொரு தடவை சொல்லுங்க."

கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரமில்லாமல், தெளிவாக, அந்தப் பெயரைச் சொன்னார். ஒலியளவு காட்டும் மானியின் முள் எழுந்து விழுந்தது.